விளையாட்டு உடையும் விடாத நாற்றமும்

தோற்றுவாய்

உடலை ஓம்புதலும் கல்வியின் ஒரு பகுதியே என்பது நம் கல்லூரியின் நெடுநாளைய கொள்கை. மாலை மணி அடித்ததும் நூலைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தை நோக்கி விரையும் மாணாக்கர் கூட்டத்தைக் காணும் எவர்க்கும் உவகை உண்டாகும். ஆயின், அக்கூட்டம் விளக்கு வைக்கும் வேளையில் விடுதிக்கு மீளும்போது அதனுடன் கூடி வருவது ஒன்றுண்டு. அதனைப்பற்றி மேடையில் எவரும் பேசார். ஏட்டில் எவரும் எழுதார். அறையில் மட்டும் எல்லாரும் முகஞ் சுளிப்பர். அதுதான் விளையாட்டு உடையின் நாற்றம்.

நாற்றம் என்னுஞ் சொல் பண்டை நாளில் நறுமணத்தையும் குறித்தது. பிற்காலத்தே அதன் பொருள் இழிந்தது. ஒரு சொல் அங்ஙனம் கெடுதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன; ஒரு சட்டை கெடுதற்கோ ஓரிரவே போதும்.

இச்சிறு பொருளைப்பற்றி எழுதப் புகுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும். விடுதியில் எம் அறையில் நால்வர் இருந்தோம். நால்வருள் ஒருவர் கால்பந்துக் குழுவிற் சேர்ந்தவர். ஏனைய மூவராகிய யாமே இதனை எழுதுகின்றோம். அவருடைய ஆட்டச் சட்டை அறையெங்கும் நாறியது. யாம் முதலில் சன்னலைத் திறந்தோம். பின்னர் அவருடைய பெட்டியைத் தாழ்வாரத்திற்கு நகர்த்தினோம். ஒருநாள் விளையாட்டாக ஓர் அத்தர்ப் புட்டியை வாங்கி அவர் கட்டிலின்மேல் வைத்தோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அடுத்த வாரம் மைதானத்திற்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். தேர்வு நெருங்குகின்றது என்று குழுத்தலைவரிடம் கூறிவிட்டாராம்.

பின்னரே யாம் உண்மையை அறிந்தோம். அவரிடம் இருந்தது ஒரே ஆட்டச் சட்டை. நாள்தோறும் இரவு அதனைக் குழாயடியில் சவர்க்காரமிட்டுத் துவைத்து, வெளிக்கொடியில் இடமின்மையால் அறைக்கதவின் பின்புறம் உலர்த்தி, மறுநாள் மாலை அதனையே அணிந்து வந்திருக்கின்றார். வாரம் ஒருமுறை துணி வெளுத்த எம்மினும் மிகுதியாகத் துவைத்தவர் அவரே! நாள்தோறும் துவைத்த சட்டை நாறியது ஏன்? இவ்வினாவே எம்மை வேதியியல் ஆசிரியரிடத்தும் நூலகத்திற்கும் இட்டுச் சென்றது. ஆங்கு அறிந்தனவற்றையும், பின்னர்ச் செய்து கண்டனவற்றையும் ஈண்டு முறையே கூறுவோம்.

வியர்வை நாறுமோ?

வியர்வையே நாறுகின்றது என்பது பலர் எண்ணம். அஃது உண்மையன்று. நம் தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒருவகை உடல் முழுவதும் பரவி, 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட தொகையினவாய், உடற்சூட்டைத் தணிக்கும்பொருட்டு நீரைச் சுரப்பது. அந்நீரில் நூற்றுக்கு 99 பங்கு வெறுந் தண்ணீரே. எஞ்சியது உப்பும் சிறிதளவு பிறவும். மற்றொரு வகை அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் அமைந்து, பருவமெய்துங் காலத்தில் தொழிற்படத் தொடங்கிப் புரதமும் கொழுப்பும் கலந்த நீரைச் சுரப்பது. சிறு குழந்தைகள் நாள் முழுதும் ஓடியாடியும் அத்துணை நாறாமைக்கும், கல்லூரி மாணாக்கர் ஒருமணி நேரம் ஆடிய அளவில் நாறுதற்கும் இதுவே காரணம்.

இவ்விரண்டாம் வகை நீரும் சுரந்த பொழுதில் நாறுவதில்லை. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய ஷெல்லி, ஹர்லி, நிக்கல்ஸ் என்பவர்கள் இதனை ஆய்ந்து காட்டினர். கிருமி சேராதபடி எடுத்து வைத்த அக்குள் வியர்வை நாற்றமின்றி இருந்தது. தோலில் வாழும் நுண்கிருமிகள் அதனிற் கலந்தபோதே நாற்றம் பிறந்தது. பாக்டீரியா என்னும் அக்கிருமிகள் வியர்வையிலுள்ள புரதம் முதலியவற்றைச் சிதைத்துண்டு, எளிதில் ஆவியாகும் சில பொருள்களை வெளிப்படுத்துகின்றன. அவற்றுட் சில கொழுப்பமிலங்கள். காலுறையில் வீசும் ஐசோவலெரிக் அமிலம் இவ்வினத்தது, பழைய பாலாடைக் கட்டியிலும் இஃது உண்டு. வேறு சில கந்தகங் கலந்த பொருள்கள். இவை மிகச் சிற்றளவே இருப்பினும் மூக்கிற்கு எட்டிவிடும்.

ஆகவே வியர்வை உணவு. கிருமி அதனை உண்பது. நாற்றம் அவ்வுணவின் எச்சம். உணவும் ஈரமும் காலமும் ஒருங்கு கூடிய இடத்தே நாற்றம் விளையும். இம்மூன்றனுள் ஒன்றை நீக்கினும் அது தளரும். மூன்றையும் நீக்கின் அற்றொழியும். இதனை உளங்கொண்டால் மேல்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

துணியின் வேறுபாடு

நம் பாட்டனார் காலத்து ஆட்டக்காரர் பருத்திச் சட்டை அணிந்தனர். இக்காலத்து ஆட்டச் சட்டைகளுட் பெரும்பாலன பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழையால் ஆனவை. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட புதுமை இது. எடை குறைந்தது; சுருங்காது; விரைவில் உலர்வது. ஆட்டத்திற்கு இதனினும் ஏற்றது அரிது என்றே தோன்றும். ஆயின் இதற்கு ஒரு குறையுண்டு.

நூறு பங்கு எடையுள்ள உலர்ந்த பருத்தியிழை, இயல்பான ஈரமுள்ள காற்றில் ஏறத்தாழ 8 பங்கு நீரைத் தன்னுள் ஏற்கும். கம்பளி ஏறத்தாழ 16 பங்கு ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப்பங்கும் ஏலாது. நீரை வெறுக்கும் இவ்விழை எண்ணெயை விரும்பிப் பற்றும். தோலில் ஊறும் எண்ணெயும், நாற்றப் பொருள்களிற் பலவும் எண்ணெயினம் சார்ந்தன. ஆதலின் அவை பாலியெஸ்டரில் ஒட்டிக்கொண்டு, வெறுந் தண்ணீருக்கு அசைந்து கொடா.

பெல்ஜிய நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் இதனைப்பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். 26 பேர் ஒருமணி நேரம் நிலைமிதிவண்டியை மிதித்து வியர்த்தனர். அவர்தம் சட்டைகளைப் பைகளில் அடைத்து 28 மணி நேரம் வைத்திருந்து, பின்னர்த் தேர்ச்சி பெற்ற சிலரைக்கொண்டு முகரச் செய்தனர். பருத்தியினும் பாலியெஸ்டரே மிக்கு நாறியது. மைக்ரோகாக்கஸ் என்னும் கிருமியினம் பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்ததும் புலனாயிற்று. வியர்த்த சட்டையைப் பைக்குள் அடைத்து ஒருநாள் வைத்திருத்தல் ஆய்வுக்கூடத்தில் நாற்றத்தை வளர்த்தற்குக் கையாண்ட முறை என்பதை நம் ஆட்டக்காரர் கவனித்தல் வேண்டும். நம்மிற் பலர் ஆராய்ச்சி ஏதுமின்றியே அதனை நாள்தோறும் செய்துவருகின்றோம்.

துவைத்தும் நீங்காமை

இனி எம் நண்பருடைய சட்டைக்கு வருவோம். நாள்தோறும் துவைத்தும் அது நாறியதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, எம் விடுதியின் குழாய்நீர் கடினநீர். சுண்ணச்சத்து மிக்க நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. சுண்ணத்தோடு கூடி நீரிற் கரையாத வெண்படிவாகித் துணியிற் படிகின்றது. நாற்றத்தை நீக்க இட்ட சவர்க்காரமே நாற்றப் பொருளின்மேல் போர்வையாய் அமைந்துவிட்டது. அவர் எத்துணை மிகுதியாகத் தேய்த்தாரோ அத்துணைப் படிவு சேர்ந்தது.

இரண்டாவது, தேய்த்த உடனே அலசிவிட்டார். இழையிற் பற்றிய எண்ணெய் நெகிழ்தற்குச் சிறிது நேரம் ஊறுதல் வேண்டும். அந்நேரம் அதற்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, காற்றுப் புகாத கதவின் பின்னே உலர்த்தினார். 2012-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், துவைத்த துணியில் எழும் ஈரக்கந்தை நாற்றத்தை ஆய்ந்து, மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் கிருமி அதற்குக் காரணமாதலைக் கண்டனர். அக்கிருமி வறட்சியையும் புறவூதாக் கதிரையும் ஓரளவு தாங்க வல்லது என்பதும் அவர்தம் முடிவு. ஆதலின் ஒருமுறை குடிபுகுந்த இக்கிருமி ஒருநாள் வெயிலில் இட்ட அளவில் ஒழிந்துவிடும் என்று நம்புதல் கூடாது. உலர்ந்திருக்கும்போது சட்டை மணமின்றித் தோன்றும். மறுநாள் மாலை வியர்வை பட்டதும் பழைய நாற்றம் மீண்டும் எழும். எம் நண்பர் தூய சட்டையென்று எண்ணி அணிந்ததும், ஆட்டத்தின் நடுவே அது நாறத் தொடங்கியதும் இங்ஙனமே.

வெள்ளாவி

இக்குறைகள் நம் நாட்டில் முன்னரே அறியப்படாதன அல்ல. நம் ஊர்களில் வண்ணார் குடியினர் அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, அடுப்பின்மேல் வைத்த பானையின்மீது அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றிலே கல்லில் அடித்து அலசி, மணல்வெளியில் உலர்த்துவர். இதற்கு வெள்ளாவி என்று பெயர். உவர்மண்ணிலுள்ள காரம் எண்ணெயைப் பிரிக்கும். ஆவியின் சூடு கிருமியைக் கொல்லும். ஓடுநீர் பிரிந்தவற்றைக் கொண்டு செல்லும். காற்றும் வெயிலும் எஞ்சிய ஈரத்தை வாங்கும். காரம், சூடு, நீர், காற்று என்னும் நான்கனையும் வரிசைப்பட அமைத்த இம்முறையில் இக்கால வேதியியலார் குறைகாண்பது அரிது.

பிறர் அழுக்கைத் தம் கையால் நீக்கிய அம்மக்களைச் சமுதாயம் தாழ்வாக வைத்தது. அவர் கைத்திறனையோ எவரும் கலையென்று எழுதிவைத்திலர். அழுக்கு உள்ள இடத்தை விட்டு அதனை நீக்குபவரை இகழ்தல் நம்மிடைப் பழைய பிழை. எம் நண்பரிடத்து யாம் செய்ததும் அவ்வினத்ததே என்பதை இதனை எழுதும்போது உணர்கின்றோம்.

பாலியெஸ்டரை வெள்ளாவியில் வைத்தல் இயலாது. கடுஞ்சூட்டில் அதன் உருக்குலையும், அதனோடு நெய்த நெகிழிழையும் தளரும். ஆயின் வெள்ளாவியின் நெறியை மென்மையாக்கிக் கைக்கொள்ளலாம்.

நீக்கும் முறை

யாம் செய்து பார்த்துப் பயன் கண்ட முறை வருமாறு.

1. ஆட்டம் முடிந்ததும் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் இடலாகாது. உடனே துவைத்தல் இயலாதாயின் வெறுநீரிலேனும் அலசி, உட்புறத்தை வெளியாக்கிக் காற்றுபடும் இடத்தில் தொங்கவிடுக.

2. துவைக்குமுன் ஊறவைத்தல் வேண்டும். ஒரு வாளி, அதாவது ஏறத்தாழ 10 லிட்டர் நீரில், நான்கு பெரிய கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, உட்புறம் வெளியாக்கிய சட்டையை அதில் ஒருமணி நேரம் ஊறவிடுக. நாற்றப் பொருளாகிய கொழுப்பமிலம் காரத்தோடு கூடின் உப்பாக மாறும். உப்பு ஆவியாகாது, ஆதலின் நாறாது. நீரிலும் எளிதிற் கரையும். பருத்தித் துணியாயின் இதனினும் வலிய சலவைச் சோடாவைப் பயன்படுத்தலாம். அது கைத்தோலை அரிக்குமாதலின் எச்சரிக்கை வேண்டும்.

3. பின்னர், சவர்க்காரக் கட்டியை விடுத்துச் சலவைத் தூளைக் கொள்க. அது கடினநீரில் படிவதில்லை. நொதிகள் சேர்ந்த தூளாயின் மிக நன்று. அழுக்கைச் செரிக்க நொதிகளைப் பயன்படுத்தலாம் என்று 1913-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியராகிய ஓட்டோ ரோம் என்பவர் காட்டினார். நொதிகள் விரைந்து தொழில் செய்யா. கை பொறுக்குஞ் சூட்டில், ஏறத்தாழ 40 பாகையில், அரைமணி நேரம் ஊறினாலே பயன் தரும். கம்பளியும் பட்டும் தாமே புரதமாதலின் அவற்றிற்குப் புரதத்தைச் செரிக்கும் நொதி ஆகாது.

4. பன்னாட் பழகிய நாற்றமாயின் சோடியம் பெர்கார்பனேட்டு என்னும் ஆக்சிசன் வெளுப்புத் தூளை, பொதியிற் குறித்த அளவில், வெந்நீரில் கரைத்து ஊறவைக்க. அது நீரிற் கரைந்து ஹைட்ரசன் பெராக்சைடை வெளியிடும். ஆப்பச் சோடாவிற்கு எளிதில் அகப்படாத கந்தகப் பொருள்களை அது சிதைக்கும், கிருமிகளையும் ஒடுக்கும். கம்பளி, பட்டு, தோல் ஆகியவற்றிற்கு இதுவும் ஆகாது.

5. கடினநீரின் வெண்படிவு ஏறிய துணியைத் தனியே ஒருமுறை, ஒரு வாளி நீரில் ஒரு குவளை காடி, அஃதாவது வினிகர், கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து நன்கு அலசுக. சுண்ணப் படிவு கரைந்து இழை விடுபடும்.

6. சூட்டைத் தாங்கும் பருத்தித் துவாலை, காலுறை முதலியவற்றை 60 பாகை வெந்நீரிலேயே துவைத்தல் நலம். பாலியெஸ்டருக்குச் சட்டையின் உட்புறச் சீட்டில் குறித்த அளவே எல்லை.

7. நுரை முற்றும் நீங்கும்வரை அலசிப் பிழிந்து, காற்றோட்டமுள்ள வெளியில் உடனே உலர்த்துக. துணிக்கும் துணிக்கும் இடையே நான்கு விரல் அகலம் இருத்தல் வேண்டும். முற்றும் உலராத துணியை மடித்து வைத்தலினும் மடிக்காது விடுதலே நன்று.

செய்யத் தகாதன

தூளை அளவிறந்து கொட்டுதல் தகாது. அலசலிற் போகாத தூளும் அழுக்கே. துணியை மென்மையாக்கும் வாசனை நீர் விளையாட்டு உடைக்கு ஆகாது. அஃது இழையின்மேல் ஒரு பூச்சாய்ப் படிந்து வியர்வை பரவுதலைத் தடுக்கும், நாற்றப் பொருளையும் உள்ளே காக்கும். அத்தரும் அத்தகையதே, அது நாற்றத்தை நீக்காது, அதனோடு கூடி மூன்றாவதொரு நாற்றத்தைப் பிறப்பிக்கும் என்பதை எம் அறையிலேயே கண்டோம்.

காடியையும் ஆப்பச் சோடாவையும் ஒருங்கே கலப்பவர் உளர். பொங்கியெழும் நுரையைக் கண்டு பெரிய வேலை நடப்பதாக அவர் மகிழ்வர். உண்மையில் ஒன்றையொன்று அழித்து இரண்டும் பயனற்றுப் போகின்றன. எல்லாவற்றினும் கொடியது காடியையும் பிளீச்சிங் பவுடரையும் கலத்தல். அதனால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். அடைத்த குளியலறையில் அது மூச்சுக்கும் உயிர்க்கும் கேடாகும். இதனை ஒருகாலும் செய்யற்க.

மிதியடியும் பிற கருவிகளும்

துவைக்கலாகாத பொருள்களுக்கு உலர்த்தலே முதல் மருந்து. ஆட்டச் சப்பாத்தின் உள்மெத்தையை எடுத்து வேறாகவும், சப்பாத்தினுள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து வேறாகவும் உலர்த்துக. ஈரமேறிய தாளை ஒருமுறை மாற்றுக. இரவில் மெல்லிய துணியில் முடிந்த ஆப்பச் சோடாவை உள்ளே வைத்துக் காலையில் எடுத்துவிடலாம். இயலுமாயின் இரண்டு இணை வைத்து மாற்றி அணிதல் சிறந்தது. ஓர் இணை உள்ளீரம் முற்றும் உலர ஒருநாள் முழுதும் வேண்டும். தோற் சப்பாத்தை நீரில் ஊறவைத்தலும் கடுவெயிலில் நெடுநேரம் இடுதலும் அதனை வெடிக்கச் செய்யும். நிழற்காற்றே அதற்கு உரியது.

கிரிக்கெட்டுக் காற்காப்பு, கையுறை, தலைக்கவசத்தின் உட்பஞ்சு ஆகியவற்றைச் சலவைத் தூள் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்து, மீண்டும் வெறுநீர்த் துணியால் துடைத்து, வாய்ப்பக்கம் கீழ்நோக்கத் தொங்கவிடுக. இவற்றைச் சுமக்கும் பையைப் பலர் மறந்துவிடுகின்றனர். பொருள்களைத் தூய்மை செய்து நாறும் பைக்குள் மீண்டும் இடுதல் வீண். பையையும் திங்களுக்கொருமுறையேனும் துவைத்து உலர்த்துதல் வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் கிருமி மடியும் என்பாரும் உளர். குளிரில் அவற்றுட் பல ஒடுங்கிக் கிடக்குமேயன்றிச் சாவதில்லை, வெம்மை பட்டதும் மீண்டும் எழும்.

இஃது மூக்கைப்பற்றிய செய்தி மட்டுமன்று. ஈர உடையும் ஈரக் காலுறையும் படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் இடந்தருவன. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க முறைக் கால்பந்துக் குழுவொன்றில் ஆட்டக்காரர் ஐவர்க்கு, வழக்கமான மருந்துக்கு எளிதிற் கட்டுப்படாத தோற்புண் உண்டாயிற்று. ஆராயச் சென்றவர், ஆட்டக்காரர் ஒரே துவாலையைப் பலர் பயன்படுத்தியதைக் கண்டனர். விடுதியில் ஒருவர் துவாலையை மற்றொருவர் எடுத்துக்கொள்ளுதலை நாம் நட்பென்று கொள்கின்றோம். அந்நட்பை வேறு வழியிற் காட்டுதல் நலம்.

முடிவுரை

எம் நண்பரின் சட்டைக்கு யாம் செய்தது பெரிதொன்றுமன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வருமாகக் குழாயடியில் அமர்ந்து, முதலில் காடிநீரிலும், அலசியபின் சோடாநீரிலும், பின்னர்ச் சலவைத் தூளிலும் அதனை ஊறவைத்தோம். நண்பகலில் விடுதியின் பின்புறத்து இரு வேப்பமரங்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டினோம். ஒரு முறையில் நாற்றம் குறைந்தது. அடுத்த வாரமும் அவ்வாறே செய்யத் தீர்ந்தது. எங்கள் பங்காகப் பருத்திச் சட்டை ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். ஒன்று உலரும்வரை மற்றொன்று என்னும் முறை அதனாற் கைகூடியது. அவர் மீண்டும் மைதானத்திற்குச் செல்கின்றார். இழந்த மூன்று வார ஆட்டத்தை எம்மால் மீட்டுத்தர இயலவில்லை.

அக்கயிறு இப்பொழுதும் ஆங்கே உள்ளது; அறைக்குள் உலர்த்துவோர் பலரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். கந்தையாயினும் கசக்கிக் கட்டவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். கசக்கியும் நீங்காத நாற்றம் ஒன்றுண்டு என்பதையும், அஃது உடுத்தவரின் குற்றமாகாமல் நீரின் குற்றமாகவோ, இழையின் குற்றமாகவோ, உலர்த்த இடமின்மையின் குற்றமாகவோ இருத்தல் கூடும் என்பதையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். ஆதலின் அருகிலிருப்பவர் சட்டை நாறுமாயின் மூக்கைப் பொத்துமுன் அவருக்கு உலர்த்த ஒரு கயிறு உண்டா என்று வினவுக. மாணாக்க நண்பர்க்கு யாம் சொல்லத்தக்கது இவ்வளவே.